ஏழரை வயது மகளுக்கு மார்பு வளர்ச்சி தொடங்கிவிட்டது, என்ன செய்வது?

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பல மாதங்களாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல்முறை. கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு ஏழு வயது ஐந்து மாதம். மூன்று வாரத்துக்கு முன்பு குளிப்பாட்டும்போது "இங்க தொட்டா வலிக்குதும்மா" என்று இடது மார்பைக் காட்டினாள். தொட்டுப் பார்த்தால் காம்புக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கெட்டியாக ஏதோ இருந்தது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை. ஒரு பக்கம் மட்டும் இருந்ததால் கட்டியோ என்றுதான் முதலில் தோன்றியது, அன்று இரவு நான் தூங்கவே இல்லை. மறுநாள் டாக்டரிடம் போனோம். கட்டியெல்லாம் இல்லை, மார்பு வளர்ச்சி தொடங்குகிறது, சில பிள்ளைகளுக்கு ஒரு பக்கம்தான் முதலில் வரும் என்றார். சரி என்று மூச்சு விட்டேன். ஆனால் அடுத்து அவர் "வயசு கொஞ்சம் முன்னாடியே இருக்கு, ஹார்மோன் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்ததும் பழையபடி பயம் வந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால் வேறு சில மாற்றங்களும் இருந்திருக்கின்றன. ஒரு வருடத்தில் உடுப்பெல்லாம் சின்னதாகிவிட்டது, வகுப்பில் இப்போது இவள்தான் உயரம். வியர்வை வாடை பெரியவர்களுக்கு வருவதுபோல வருகிறது. எடையும் வயதுக்குக் கொஞ்சம் கூடுதல்தான். ரோமம் எதுவும் இல்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுகிறாள், ஆனால் அது இதனால்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் சீக்கிரம்தான் வளர்கிறார்கள், இதைப் போய்ப் பெரிதாக்காதே என்கிறார் மாமியார். கணவர் ஆறு மாதம் பார்க்கலாம் என்கிறார். நானோ இரவு முழுக்கப் போனில் தேடித் தேடிப் படித்து, உயரம் நின்றுவிடும், சர்க்கரை வரும், மார்புப் புற்றுநோய் வரும் என்று கண்டதையெல்லாம் மண்டையில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இதில் எது உண்மையான ஆபத்து, எது வெறும் பயம்? ஊசி போட்டு நிறுத்துகிறார்களாமே, அது பாதுகாப்பா? எல்லாவற்றுக்கும் மேலே, இந்தக் குழந்தையிடம் நான் என்ன சொல்வது? அவளுக்கு இன்னும் பல்லே முழுசாக விழுந்து முளைக்கவில்லை.


செங்காந்தள் எழுதியது:

தோழி, முதலில் ஒரு விஷயம். நீங்கள் சீக்கிரமாகவே கவனித்துவிட்டீர்கள். என் மகளுக்கு நான் கவனித்தபோதே இரண்டு பக்கமும் நன்றாக வளர்ந்திருந்தது, உடம்பு பூசினாற்போல் இருந்ததால் கொழுப்பு என்றே நினைத்து ஐந்தாறு மாதம் விட்டுவிட்டேன். அவளுக்கு அப்போது ஏழு வயது. இப்போது பதின்மூன்று, நன்றாக இருக்கிறாள்.

என்னென்ன செய்வார்கள் என்று தெரிந்தால் உங்கள் பயத்தில் பாதி போய்விடும், அதனால் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதலில் இடது கை மணிக்கட்டையும் விரல்களையும் ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு வயது பார்ப்பது என்பார்கள். பிள்ளையின் கை எலும்புகளை வயதுவாரியாகப் படம் அச்சிட்ட ஒரு புத்தகத்தோடு ஒப்பிட்டு, எலும்பு எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று சொல்வார்கள். ஏழு வயதுப் பெண்ணுக்கு எலும்பு வயது ஒன்பதரை என்று வந்தது. அந்த எண்ணைக் கேட்டதும் நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன். ஸ்கேனில் கருப்பையும் சினைப்பையும் குழந்தை அளவிலேயே இருக்கின்றனவா, பெரிதாகத் தொடங்கிவிட்டனவா என்று பார்த்தார்கள். கையில் ஊசிக்குழாய் வைத்து ஒரு மருந்து கொடுத்து, இடைவெளி விட்டு விட்டுப் பல தடவை ரத்தம் எடுக்கும் பரிசோதனையும் செய்தார்கள். கஷ்டமானது அது ஒன்றுதான், வலியால் இல்லை, பிள்ளை மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார வேண்டியிருந்ததால். படம் வரையும் புத்தகமும் பிடித்த பொம்மையும் எடுத்துப் போங்கள்.

மூளையிலிருந்து வரும் தூண்டுதல்தான் காரணம் என்று உறுதியானதும் ஊசி தொடங்கினார்கள். முதலில் மாதம் ஒன்று, பிறகு மூன்று மாதத்துக்கு ஒன்று. பதினொரு வயதை ஒட்டி நிறுத்தினோம். நிறுத்திப் பதினான்கு மாதம் கழித்து அவளுக்குப் பீரியட்ஸ் வந்தது, அவள் தோழிகளுக்கெல்லாம் வந்த அதே சமயம்தான். ஊசி போட்ட இடம் சில நாள் வீங்கும். எடை கொஞ்சம் கூடியது, அதைத் தவிர வேறு தொல்லை இல்லை.

எல்லோருக்கும் ஊசி தேவைப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களோடு காத்திருந்த இன்னொரு அம்மாவின் பெண்ணுக்கு ஆறு மாதம் பார்த்துவிட்டு எதுவும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.


வெண்மேகம் எழுதியது:

நான் குழந்தைகள் நல மருத்துவர். நேரில் பார்க்காமல் உங்கள் மகளுக்கு இதுதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எது உண்மை, எது பயம் என்று கேட்டீர்கள், அதற்குப் பதில் சொல்லலாம்.

பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன்பும் ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன்பும் பருவமடைதலின் அறிகுறிகள் தொடங்கினால் அதை முன்கூட்டிய பருவமடைதல் என்கிறோம். இந்த வயதுக்கு முன்பே தொடங்கிவிட்டாலே நோய் என்று அர்த்தமில்லை, பார்க்க வேண்டும் என்று அர்த்தம். உங்கள் மாமியார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 1997-இல் மார்சியா ஹெர்மன்-கிடென்ஸ் குழுவினர் அமெரிக்காவில் 17,000-க்கும் மேற்பட்ட சிறுமிகளைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வில், மார்பு வளர்ச்சி தொடங்கும் சராசரி வயது வெள்ளை இனச் சிறுமிகளுக்குப் பத்தை ஒட்டியும் கறுப்பினச் சிறுமிகளுக்கு ஒன்பதுக்குச் சற்று முன்பும் இருந்தது. அதுவரை பாடப்புத்தகங்கள் சொன்னதைவிட அது முந்தி. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-இல் வந்த ஒரு தொகுப்பு, 1977 முதல் 2013 வரை பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் வீதம் இந்த வயது குறைந்திருப்பதாகக் காட்டியது. ஆனால் முதல் மாதவிடாய் வரும் வயது அந்த அளவுக்கு இறங்கவில்லை. தொடக்கம் முந்தியிருக்கிறது, முடிவு அவ்வளவாக முந்தவில்லை. ஆகவே தொடங்கிவிட்டது என்பதைவிட எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதுதான் எங்களுக்கு முக்கியமான கேள்வி.

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதி ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை விட்டுவிட்டு, துடிப்புத் துடிப்பாகச் சுரக்கும். அது பிட்யூட்டரி என்ற சுரப்பியை எழுப்பும், பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டை அனுப்பும், அவை சினைப்பையை ஈஸ்ட்ரோஜன் சுரக்க வைக்கும். குழந்தைப் பருவம் முழுக்க இந்த வரிசை தூங்கிக்கொண்டிருக்கும். அது முன்னதாக விழித்துக்கொள்வது ஒரு வகை. மூளை தூங்கிக்கொண்டிருக்கும்போதே சினைப்பைக் கட்டி, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் கோளாறு, வெளியிலிருந்து உடம்பில் ஏறிய ஹார்மோன் ஆகியவற்றால் மாற்றம் வருவது இன்னொரு வகை. அப்பா தடவிக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல், வீட்டில் யாராவது போடும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் குழந்தையின் தோலில் பட்டே இது நடந்திருக்கிறது, அதனால் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். இது எதுவும் இல்லாமல் மார்பு மட்டும் கொஞ்சம் வளர்ந்து அப்படியே நின்றுவிடும் பிள்ளைகளும் நிறைய உண்டு, அவர்களுக்குச் சிகிச்சையே வேண்டாம்.

பெண் குழந்தைகளில் பெரும்பாலானோருக்குத் தேடினாலும் தனிக் காரணம் எதுவும் கிடைக்காது. கூடுதல் எடைக்குத் தொடர்பு உண்டு. கொழுப்புத் திசு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, பருவமடைய உடம்பில் போதிய சேமிப்பு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அதுதான். கொழுப்பில் ஈஸ்ட்ரோஜனும் உருவாகும். இதைப் படித்துவிட்டு நான்தான் என் பிள்ளையைக் கெடுத்துவிட்டேன் என்று எந்த அம்மாவும் உட்கார வேண்டாம், ஒல்லியான பிள்ளைகளுக்கும் இது வருகிறது. மரபும் உண்டு. எம்.கே.ஆர்.என்.3 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் பருவமடைதல் முந்தும் என்று 2013-இல் கண்டுபிடித்தார்கள். அந்த மாற்றம் அப்பாவிடமிருந்து வந்தால்தான் வேலை செய்யும். எல்லோரும் அம்மாவிடம் மட்டும் "உனக்கு எப்போது வந்தது" என்று கேட்கிறார்கள், அப்பாவின் பக்கத்தையும் கேட்க வேண்டும்.

இனி ஆபத்துகள்.

உயரம். பிள்ளை முதலில் மற்றவர்களைவிட வேகமாக வளரும், வகுப்பிலேயே உயரமாகத் தெரியும், பெற்றோருக்கும் சந்தோஷமாக இருக்கும். அதே ஈஸ்ட்ரோஜன்தான் எலும்பின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளை முதிர வைத்து மூடுகிறது. மற்றப் பிள்ளைகள் வளரத் தொடங்கும்போது இவள் வளர்ந்து முடித்திருப்பாள். தொடக்கம் எவ்வளவு சிறிய வயதில், எவ்வளவு வேகமாக என்பதைப் பொறுத்து இழப்பு மாறும். ஆறு வயதுக்கு முன் தொடங்கியவர்களுக்குச் சிகிச்சையால் உயரத்தில் நல்ல பலன் உண்டு, ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் ஆளுக்கு ஆள் மாறும், எட்டுக்குப் பிறகு உயரத்துக்காக மட்டும் ஊசி போடுவதில் பெரிதாகப் பலன் இல்லை. உங்கள் மகள் அந்த நடு இடத்தில் இருக்கிறாள், அதனால்தான் எலும்பு வயது முக்கியம்.

மார்புப் புற்றுநோய். நீங்கள் படித்தது பொய் இல்லை, ஆனால் அளவோடு புரிந்துகொள்ள வேண்டும். 117 ஆய்வுகளின் தரவைச் சேர்த்து 2012-இல் வந்த பகுப்பாய்வில், முதல் மாதவிடாய் ஒரு ஆண்டு முந்தினால் மார்புப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 5 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. இருக்கிற வாய்ப்பில் 5 சதவீதம். நூறு பேரில் ஐந்து பேருக்கு வரும் என்று இதைப் படித்துவிடாதீர்கள், நான் பார்க்கிற பெற்றோர் பலர் அப்படித்தான் படித்துவிட்டு வருகிறார்கள். ஊசி போட்டால் அந்த வாய்ப்பு குறையும் என்பதற்கு நிரூபணம் இல்லை, அதற்காக ஊசி போடுவதும் இல்லை.

சர்க்கரை நோய், இதய நோய். 12 வயதுக்கு முன்பே மாதவிடாய் தொடங்கியவர்களிடம் பிற்காலத்தில் இரண்டாம் வகைச் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் இவை கூடுதலாகக் காணப்படுகின்றன. இதில் ஒரு பங்கு உடல் எடையால் வருவது, முழுவதும் அல்ல. நம் கையில் இருப்பது அந்தப் பங்கு: பிள்ளை ஓடி ஆடுவது, தூக்கம், எடை.

மனம். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். சீக்கிரம் வளர்ந்த பெண் குழந்தைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் உடம்பைப் பற்றிய வெறுப்பும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உடம்பு பத்து வயதுபோலத் தெரிவதால் சுற்றியிருப்பவர்கள் பத்து வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதை இவளிடம் எதிர்பார்க்கிறார்கள், மூளைக்கும் மனதுக்கும் ஏழு வயதுதான். பாலியல் சீண்டலுக்கு ஆளாகும் அபாயமும் இந்தப் பிள்ளைகளுக்கு அதிகம்.

காத்திருக்காமல் உடனே போக வேண்டிய அறிகுறிகள்: தீராத தலைவலி, காலையில் வாந்தி, பார்வை மங்குவது, வலிப்பு, காரணமில்லாமல் திடீர் திடீரென்று சிரிப்பது, அளவுக்கு மீறிய தாகமும் சிறுநீரும், சில மாதங்களுக்குள்ளேயே மாற்றங்கள் மளமளவென்று கூடுவது, மார்பு வளர்ச்சி எதுவுமில்லாமல் முதலிலேயே ரத்தப்போக்கு. தோலில் பெரிய காப்பி நிறத் திட்டுகள் இருந்தாலும் காட்டுங்கள்.


தனிவழி எழுதியது:

எல்லோரும் கோபப்படலாம், இருந்தாலும் சொல்கிறேன். இயற்கையாக நடப்பதை ஊசி போட்டு நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு குழந்தையின் மூளையில் போய்க் கை வைப்பது எப்படிப் பாதுகாப்பாக இருக்கும்? பின்னால் குழந்தை பிறக்காமல் போனால் யார் பொறுப்பு? எங்கள் குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு ஒன்பது வயதிலேயே வந்தது, இன்று இருவரும் பிள்ளைகுட்டியோடு நன்றாகத்தான் இருக்கிறார்கள். சாப்பாட்டை மாற்றுங்கள், பிளாஸ்டிக்கைத் தூக்கிப் போடுங்கள், தானாகச் சரியாகிவிடும்.


ஆழிமகள் எழுதியது:

தனிவழி, நான் கோபப்படவில்லை. "நன்றாகத்தான் இருக்கிறார்கள்" என்று வெளியிலிருந்து சொல்லிவிடலாம், என்னைப் பார்த்தும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு எட்டரை வயதில் பீரியட்ஸ் வந்தது. இப்போது நாற்பத்தொன்று. இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது. யாரும் எனக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. எங்கேயோ அடிபட்டுவிட்டது, வீட்டில் சொன்னால் திட்டுவார்கள் என்று நினைத்து மூன்று நாள் மறைத்தேன், துணியைக் கழற்றி மூட்டைக்குள் ஒளித்து வைத்தேன். அம்மா கண்டுபிடித்தபோது எனக்கு முன்னால் அவர்தான் அழுதார். அந்த அழுகையைப் பார்த்துத்தான் எனக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது, நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று மனதில் பதிந்தது. பல வருடம் அது போகவில்லை.

அதற்குப் பிறகு எல்லாமே மாறியது. ஓடாதே, குதிக்காதே, அப்பா மடியில் உட்காராதே. எட்டு வயது. என் தோழிகள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விளையாடும்போது நான் மார்பை மறைக்கக் கூன் போட்டு நடந்தேன், அந்தக் கூன் இன்றும் இருக்கிறது. தெரிந்த குடும்பத்து ஆள் ஒருவர் என்னிடம் நடந்துகொண்ட விதத்தை யாரிடமும் சொல்லத் தெரியாமல் இருந்தேன், ஏனென்றால் அதைச் சொல்வதற்கான வார்த்தையே என்னிடம் இல்லை. பெரிய பெண் மாதிரி இருக்கிறாயே என்று எல்லோரும் சொல்வார்கள், நான் உள்ளே மூன்றாம் வகுப்புப் பிள்ளை.

பதினொரு வயதில் வளர்வது நின்றுவிட்டது. 147 செ.மீ. முன்பு வகுப்பில் நான்தான் உயரம், கடைசி பெஞ்சு. எட்டாம் வகுப்புக்கு வரும்போது முதல் பெஞ்சுக்கு வந்துவிட்டேன். உயரத்தைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, உண்மையாகவே இல்லை. அந்தத் தனிமைதான்.

நிலாமுற்றம், ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்லட்டும். ஆனால் அவளிடம் பேசுங்கள், இன்றைக்கே பேசுங்கள், பயமில்லாத முகத்தோடு பேசுங்கள். எல்லாப் பெண்களுக்கும் உடம்பு மாறும், உன் உடம்பு கொஞ்சம் சீக்கிரம் தொடங்கியிருக்கிறது, நீ எதுவும் தப்பு செய்யவில்லை, வலித்தாலும் ரத்தம் வந்தாலும் யாராவது தொட்டாலும் உடனே என்னிடம் வந்து சொல்லலாம், நான் திட்டவே மாட்டேன். இதற்கு மேல் எதுவும் வேண்டாம். இந்த நான்கைந்து வரியை எனக்கு யாராவது சொல்லியிருந்தால் போதும். அவளை மடியில் உட்காரவிடுங்கள், மரம் ஏறவிடுங்கள்.


வெண்மேகம் எழுதியது:

ஆழிமகள், எழுதியதற்கு நன்றி. என்னிடம் வரும் பெற்றோருக்கு உங்கள் கடைசிப் பத்தியைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

தனிவழி, உங்கள் கேள்விகள் நியாயமானவை, பலர் மனதில் இருப்பவை. அந்த ஊசி மூளையை வெட்டுவதோ அழிப்பதோ இல்லை. ஜி.என்.ஆர்.எச். துடிப்புத் துடிப்பாக வந்தால்தான் பிட்யூட்டரி வேலை செய்யும் என்றேன் அல்லவா, அதே ஹார்மோனைப் போன்ற மருந்தை இடைவிடாமல் கிடைக்கும்படி கொடுத்தால் பிட்யூட்டரி அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அடங்கிவிடும். லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின் இரண்டும் இந்த வகை. இந்த ஹார்மோன் உட்பட மூளையில் சுரக்கும் ஹார்மோன்களைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக ஆண்ட்ரூ ஷாலிக்கும் ரோஜர் கில்லெமினுக்கும் 1977-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1980-களிலிருந்து இந்த வகை மருந்துகளைக் குழந்தைகளுக்குக் கொடுத்து வருகிறோம், அன்று போட்டுக்கொண்டவர்கள் இன்று நடுவயதில் இருக்கிறார்கள். நிறுத்தியதும் வரிசை மறுபடி விழித்துக்கொள்ளும், பெரும்பாலும் ஒரு வருடம் அல்லது அதற்குச் சற்று மேலாகி மாதவிடாய் வரும், குழந்தைப்பேற்றுக்குப் பாதிப்பு காணப்படவில்லை. சிகிச்சைக் காலத்தில் எலும்பின் அடர்த்தி கூடுவது மெதுவாகும், நிறுத்திய பின் ஈடுகட்டிக்கொள்ளும். தொடங்கிய முதல் சில வாரத்தில் பிட்யூட்டரி அடங்குவதற்கு முன் ஒருமுறை தூண்டப்படும், அதனால் சில பெண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் ரத்தம் படலாம். முன்பே சொல்லிவைத்தால் பயப்பட மாட்டார்கள்.

பிளாஸ்டிக், வாசனைப் பொருட்களில் உள்ள சில ரசாயனங்கள் ஹார்மோன்போல நடந்துகொள்கின்றன என்பது உண்மை. லாவெண்டர், தேயிலை மர எண்ணெய் கலந்த பொருட்களைத் தொடர்ந்து தடவிய சிறுவர்களுக்கு மார்பு வளர்ந்ததாகவும் நிறுத்தியதும் சரியானதாகவும் 2007-இல் ஒரு மருத்துவ அறிக்கை வந்தது. குறைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் மூளையில் வரிசை முழுவதும் விழித்துவிட்ட பிறகு டப்பாவை மாற்றினால் அது தூங்கிவிடாது. வீட்டுச் சுத்தத்தில் இறங்கி டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட்டு, எலும்பு வயது பதினொன்று பன்னிரண்டு ஆன பின் வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் ஒடிந்துபோகிறது.


கரைமணல் எழுதியது:

பெண் பிள்ளைகளைப் பற்றியே பேச்சு போகிறது, பையன்களின் பெற்றோரும் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். என் மகனுக்கு ஏழே முக்கால் வயதில் முகத்தில் பரு, குரல் தடிப்பு, அந்தரங்க ரோமம். "ஆம்பளப் பையன், சீக்கிரம் வளந்தா நல்லதுதானே" என்று நானே பெருமையாகச் சொன்னேன், அதை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

டாக்டர் நூலில் கோத்த முட்டை வடிவ மணிகள் போன்ற ஒரு கருவியை வைத்து விதைகளின் அளவைப் பார்த்தார். சின்னதிலிருந்து பெரிதுவரை வரிசையாக இருக்கும், 4 மில்லி அளவைத் தொட்டால் பருவமடைதல் தொடங்கிவிட்டது என்று கணக்காம். ரோமம் இருந்து விதை பெரிதாகாவிட்டால் அட்ரீனல் பக்கம் தேடுவார்களாம், பெரிதாகியிருந்தால் மூளைப் பக்கம். இவனுக்குப் பெரிதாகியிருந்தது. பையன்களுக்கு இது வருவது பெண்களைவிட மிகக் குறைவு, ஆனால் வந்தால் பின்னால் ஒரு காரணம் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவசியம் மூளை எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார். ஹைப்போதலாமஸில் ஹமார்டோமா என்று ஒரு சின்ன வளர்ச்சி இருந்தது. புற்றுநோய் இல்லை, பிறவியிலேயே இருப்பது, அறுவை சிகிச்சை வேண்டாம், ஊசி போதும் என்றார்கள். நான்காவது வருடம் போய்க்கொண்டிருக்கிறது. குரல் பழையபடி ஆகவில்லை, ஆனால் எலும்பு வயதின் ஓட்டம் நின்றுவிட்டது. கோபம் குறைந்து மறுபடி சின்னப் பையனாகத் தரையில் படுத்து வண்டி ஓட்டி விளையாடுகிறான்.


நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆழிமகள் அக்கா, உங்கள் பதிவை என் கணவரிடம் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டார். காலையில் அவரேதான் டாக்டரிடம் நேரம் வாங்கினார்.

போய் வந்துவிட்டோம். எலும்பு வயது எட்டு வயது நான்கு மாதம் என்று வந்திருக்கிறது, அதாவது பதினொரு மாதம்போல முன்னால். காலை ரத்தத்தில் எல்.எச். குழந்தை அளவிலேயே இருக்கிறது. கருப்பையும் சினைப்பையும் சின்னதாகத்தான் இருக்கின்றன. தைராய்டு சரியாக இருக்கிறது. இப்போதைக்கு ஊசி வேண்டாம், மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கலாம், அதற்குள் வலது பக்கமும் வந்தாலோ உயரம் மளமளவென்று கூடினாலோ உடனே வரச் சொன்னார். உயரத்தை வீட்டில் குறித்து வைக்கச் சொன்னார்.

மகளிடம் பேசிவிட்டேன். அக்கா சொன்ன வரிகளைத்தான் ஏறக்குறைய அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "அப்போ எனக்குப் பல்லு மட்டும் ஏன் லேட்டா வருது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஒரு சின்னச் சந்தேகம் மட்டும். நேற்று அளந்ததற்கும் இன்று அளந்ததற்கும் ஒரு செ.மீ. வித்தியாசம் வருகிறது. எது சரி?


செங்காந்தள் எழுதியது:

நல்ல சேதி தோழி, படித்ததும் எனக்கும் கண் கலங்கிவிட்டது. மார்பு வலிக்காமல் இருக்க உள்ளே மெல்லிய பருத்தி பனியன் போட்டுவிடுங்கள், இறுக்கமாக வேண்டாம்.

தினமும் அளக்காதீர்கள், உங்களுக்கும் பைத்தியம் பிடிக்கும், அவளுக்கும் ஏதோ பெரிய வியாதி என்று தோன்றிவிடும். மாலையில் அளந்தால் காலையைவிடக் குறைவாகத்தான் வரும், நாள் முழுக்க நின்று நடப்பதில் முதுகெலும்பு கொஞ்சம் அமுங்கும். மாதம் ஒருமுறை, காலையில் எழுந்தவுடன், அதே சுவரில், செருப்பில்லாமல், முடியை அவிழ்த்துவிட்டு, குதிகால் சுவரில் ஒட்டியிருக்க, தலைமேல் ஒரு தடித்த புத்தகத்தைச் சுவருக்கு நேராக வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்தில் தேதி எழுதுங்கள். இந்த வயதில் வருடத்துக்கு 5 முதல் 6 செ.மீ. என்பது சாதாரணம், அப்படியென்றால் மூன்று மாதத்துக்கு ஒன்றரை செ.மீ. வரை. இரண்டைத் தாண்டினால் அந்தக் கணக்கோடு டாக்டரிடம் போங்கள். வீட்டில் வேறு பிள்ளை இருந்தால் அதற்கும் பக்கத்திலேயே கோடு போடுங்கள், இவளுக்கு மட்டும் அளப்பதாகத் தெரியாது. நாங்கள் எனக்கும் அவள் அப்பாவுக்கும்கூடப் போட்டோம்.